பிரிண்டர் ஹெட் நகரவில்லையா? கையால் இழுக்காதீர்கள்

சென்னை ஆதம்பாக்கத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். வாராவாரம் கேள்வித்தாள் அடிப்பது எங்கள் இங்க் டேங்க் பிரிண்டரில்தான். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அதைத் தொடவே இல்லை. ஜன்னலோரம், மத்தியான வெயில் நேராக விழும் இடம். பள்ளி திறந்த வாரம் ஆன் செய்தால் "கடக், கடக்" என்று சத்தம், எல்லா லைட்டும் சேர்ந்து சிமிட்டுகிறது. பேப்பர் மேல் இங்கும் அங்கும் ஓடி மை தெளிக்கும் ஹெட், வலது ஓரத்தை விட்டு அசையவில்லை.

மூடியைத் திறந்து இழுக்கப்போன என் கணவரின் கையைப் பிடித்துத் தடுத்தேன். இதற்கு முன்பிருந்த பிரிண்டர் அப்படித்தான் போனது. பல மாடல்களில் ஹெட் தன் இடத்தில் நிற்கும்போது உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். மோட்டார் சுற்றினால்தான் அது விலகும். பலம் போட்டால் கொக்கி உடையும், ஹெட் வராது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். செல்போன் டார்ச்சை அடித்து, ஹெட் ஓடும் பாதை முழுக்கப் பாருங்கள். கிழிந்த பேப்பர் துண்டு, ஸ்டேப்ளர் பின், பிள்ளைகள் போட்ட ஸ்டிக்கர், எது வேண்டுமானாலும் கிடக்கலாம். பின்னால் பேப்பர் வைக்கும் வாயிலும் பாருங்கள். பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

எங்களுக்கு முடியவில்லை. ஹெட்டுக்கு அடியில் ரப்பர் விளிம்பு வைத்த சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். ஹெட்டில் மை வரும் துளைகள் காயாமல் மூடி வைப்பது அதுதான். அதன் ஓரத்தில் கறுப்பு மை, ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி இறுகி ஹெட்டையே ஒட்டவைத்திருந்தது.

இதற்கு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளையாகப் படியும். அதைத் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. மெடிக்கலில் 5 மி.லி. சிரிஞ்ச் வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான டிஸ்டில்ட் வாட்டரை ரப்பர் விளிம்பில் நாலைந்து சொட்டு மட்டும் விட்டேன். சர்க்யூட் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது. ராத்திரி முழுக்க ஊறட்டும். அவசரப்படாதீர்கள், ஊறுவதுதான் இங்கே வேலையே. காலையில் ஆன் செய்ததும் ஹெட் தானே கிளம்பியது. நடுவில் வந்தபோது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியின் விளிம்பைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். டிஷ்யூ பேப்பர் வேண்டாம், நார் விடும்.

மறுபடி ஆன் செய்தபோது ஹெட் இடது சுவரில் போய் மோதியது. பயந்துவிட்டேன். காரணம் வேறு. ஹெட்டுக்குப் பின்னால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லிய கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் நாடா ஒன்று ஓடும். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும், அதில் முடியைவிட மெல்லிய கோடுகள் நெருக்கமாக அச்சிட்டிருக்கும். ஹெட்டில் இருக்கும் சென்சார் அந்தக் கோடுகளை எண்ணித்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுகொள்ளும். மையோ கிரீஸோ பட்டால் எண்ணிக்கை தப்பும். ஹெட் போய் முட்டும். எங்கள் நாடாவில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறை. நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால், இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, இழுக்காமல் மெல்லத் துடைத்தேன். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் கோடே அழிந்துபோகலாம். நாடா அதன் ஓரத்துக் கொக்கியிலிருந்து நழுவினால் அதே பக்கம் பார்த்து மாட்டுங்கள்.

ஹெட் ஓடும் கம்பியில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஓட ஆரம்பித்ததும், பிரிண்டரிலேயே இருக்கும் 'ஹெட் கிளீனிங்' வசதியை இரண்டு முறை போட்டால் போதும். வரிகள் விட்டுவிட்டு வந்தால் ஆறேழு மணி நேரம் விட்டுப் பிறகு போடுங்கள். ஒவ்வொரு முறையும் நிறைய மை வீணாகிறது.

இப்போது பிரிண்டரை ஜன்னலை விட்டு நகர்த்திவிட்டேன். வாரம் ஒரு கலர் பக்கம் அடிக்கிறேன். பிரிண்டரின் பட்டனில் அணைத்த பிறகுதான் சுவிட்ச் போர்டைத் தொடுகிறேன். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும்.

பெல்ட் அறுந்திருந்தாலோ பல்சக்கரம் உடைந்திருந்தாலோ நீங்கள் கை வைக்காதீர்கள். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப் போங்கள், கூலி எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். இங்க் டேங்க் மாடலென்றால் ஆட்டோவில் சாய்க்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.