தொண்டு நிறுவனப் படங்கள் சறுக்கும் இடங்கள்

தொண்டு நிறுவனங்களுக்குப் படம் எடுத்துத் தருபவர்களின் காதில் திரும்பத் திரும்ப விழும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "ஒரு பத்து நிமிஷப் படம் சார். டோனருக்கும் காட்டணும், மகளிர் குழுவுக்குப் பயிற்சியிலும் போடணும்." ஒரே செலவில் இரண்டு வேலை முடிகிறது என்பதால் கேட்க நியாயமாகவே இருக்கும். அதற்குச் சரி என்று தலையாட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

டோனருக்கான, அதாவது நன்கொடை தருபவருக்கான படம் மனதை அசைத்தால் போதும். பயிற்சிப் படம் பார்த்தவரோ மறுநாள் காலையில் அந்த வேலையைத் தன் கையால் செய்தாக வேண்டும். இரண்டையும் கலந்தால் தோற்பது எப்போதும் பயிற்சிதான். பணம் தருபவர் எடிட்டிங் அறையில் இல்லாவிட்டாலும், அவர் கண்ணுக்கு இது எப்படிப் படும் என்பதே எல்லோர் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுப்பது பற்றிய படத்தை எடுத்துக்கொள்வோம். டோனர் பதிப்பில் ஒரு சோர்ந்த குழந்தை, பின்னணியில் புல்லாங்குழல், சொம்பில் கரண்டியால் கலக்கும் ஒரு கை, கடைசியில் குழந்தையின் சிரிப்பு. படம் முடிந்தது. பயிற்சிக்கு வந்த தாய் கேட்பது வேறு: தண்ணீர் எவ்வளவு? மருந்துக்கடையில் ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டும் இருக்கிறது, 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் தூள். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிவிட்டால் உப்பு மிஞ்சிப்போய்க் குழந்தைக்கு ஆபத்தாகும். படத்தில் அழகுக்காக வைத்த பித்தளைச் சொம்பு எத்தனை மில்லி பிடிக்கும் என்று வைத்தவருக்கே தெரியாது.

காட்ட வேண்டியவை சாதாரணமானவை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அது நிரம்பியிருக்கும் மட்டம், பாக்கெட்டில் அளவு அச்சிட்டிருக்கும் வரியின் மேல் ஒரு விரல், தூள் முழுவதும் உள்ளே விழுவது, 24 மணி நேரம் கழித்து மீதியைக் கீழே ஊற்றுவது. கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, மொத்தம் 14 நாள். கேமரா செய்பவரின் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். எதிரே நின்று எடுத்தால் வலது கை இடமாகத் தெரியும், பார்ப்பவர் மனதுக்குள் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தூள் கரைய ஆகும் நேரத்தை எடிட்டர் வெட்டத் துடிப்பார், விடாதீர்கள். கை கழுவும் படங்களுக்கும் இதே கதிதான். 20 விநாடி தேய்க்கச் சொல்லும் குரல் ஓடும், திரையில் மூன்று விநாடியில் கை துடைக்கப்பட்டிருக்கும். கண் பார்த்ததைத்தான் கை செய்யும்.

அடுத்தது மொழியும் அளவும். ஒற்றை நாற்றாக நடும் செம்மை நெல் சாகுபடி பற்றிய படத்தில் "ஹெக்டேருக்கு இத்தனை கிலோ விதை" என்று ஸ்டுடியோக் குரல் சொல்லும். தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தை மா கணக்கில் பேசுவார்கள். நூறு குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். கொங்குப் பக்கம் ஏக்கரும் சென்ட்டும். ஹெக்டேர் என்பது அரசாங்க அறிக்கையில் மட்டும் விளைகிற நிலம். "ஒற்றை நாற்றுக்கு ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும்" என்று அந்த ஊர்க்காரர் ஒருவரே சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். படம் இரண்டு வட்டாரத்துக்குப் போகிறதென்றால் குரலை இரண்டு முறை பதிவு செய்யுங்கள். படப்பிடிப்புச் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

யார் சொல்கிறார் என்பது இன்னும் முக்கியம். 2006-ல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தின் ஒரு திட்டமாகத் தொடங்கி, பிறகு தனித் தொண்டு நிறுவனமான டிஜிட்டல் கிரீன் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டது. அவர்கள் படங்களில் நிபுணர் வகுப்பெடுப்பதில்லை, அந்தப் பகுதி விவசாயியே செய்து காட்டுவார். பார்ப்பவர்கள் முதலில் கேட்பது அவர் யார், எந்த ஊர் என்பதைத்தான். அதைவிடப் பெரிய பாடம், படத்தை ஓடவிட்டுவிட்டு அவர்கள் போய்விடவில்லை. சின்ன புரொஜெக்டரோடு உள்ளூர் ஆள் ஒருவர் உட்கார்ந்து, நடுநடுவே நிறுத்தி, கேள்வி கேட்டு, பதில் சொல்லி, அப்புறம்தான் மேலே ஓட்டுவார். நம் நிறுவனங்களின் பட்ஜெட்டில் ட்ரோனுக்கு ஒரு வரி இருக்கும், இந்த ஆளுக்கு இருக்காது. மேலிருந்து தென்னந்தோப்பைக் காட்டும் ஷாட் இல்லாமல் இப்போதெல்லாம் எந்த என்ஜிஓ படமும் தொடங்குவதில்லை. அதைப் பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

தொழில்நுட்பத்தில் பெரும்பாலும் சொதப்புவது சத்தம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். கேமராவில் இருக்கும் மைக்கை நம்பாமல் காலர் மைக் போடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஆடி மாதத்தில் அம்மன் கோவில் தெருவில் பேட்டி வைக்காதீர்கள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்துகொண்டால், எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை மறைக்க உதவும். இன்னொன்று, நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல செல்போன்கள் விநாடிக்கு 30 ஃபிரேம் என்ற கணக்கில் எடுக்கும். அதனால்தான் டியூப்லைட் போட்ட அங்கன்வாடிக்குள் எடுத்த காட்சியில் கோடு கோடாக ஓடுகிறது. 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். யூடியூபின் பதிப்புரிமைச் சோதனையில் மாட்டும். மாட்டாவிட்டாலும் அது அடுத்தவர் சொத்து.

படத்தில் வரும் ஜனங்களுக்குக் காட்டாமல் வெளியிடுவதைத்தான் நான் மிகப் பெரிய தவறாக நினைக்கிறேன். 2012 மார்ச்சில் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'கோனி 2012' ஒரே வாரத்தில் 10 கோடிப் பார்வைகளைத் தொட்டது. உகாண்டாவில் குழந்தைகளைக் கடத்திப் போரில் இறக்கிய ஜோசப் கோனியைப் பிடிக்க வேண்டும் என்ற அரை மணி நேரப் படம். அதே மாதம், அந்தப் போரில் அடிபட்ட வட உகாண்டாவின் லிரா நகரில், உள்ளூர் அமைப்பு ஒன்று திறந்தவெளியில் அதைத் திரையிட்டது. பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள், கல் பறந்தது. படத்தில் தங்களைக் காணோம், எவனால் அழிந்தார்களோ அவன் பெயரே போஸ்டரில் பெரிதாக இருக்கிறது என்ற கோபம். கோனியின் படை உகாண்டாவை விட்டுப் போய் அப்போதே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகு வைத்திருந்த திரையிடல்களை அந்த அமைப்பு நிறுத்திக்கொண்டது.

இதற்கு நேர் எதிரான கதை 1967-ல் கனடாவில் நடந்தது. நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய ஃபோகோ தீவில் மீன்பிடித் தொழில் நொடித்துப்போக, குடும்பங்களை வேறு இடத்துக்குக் குடிபெயர்த்துவிடலாம் என்று அரசு யோசித்துக்கொண்டிருந்தது. தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ அங்கே போய் ஒரு பெரிய படத்துக்குப் பதில் சின்னச் சின்னப் படங்களாக எடுத்தார். பேசியவர்களிடமே முதலில் போட்டுக் காட்டி, வேண்டாம் என்றதை நீக்கி, பிறகு ஊருக்குக் காட்டினார்கள். ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத கிராமங்கள் அடுத்த கிராமத்தின் குறையைத் திரையில் பார்த்தன. அப்புறம் படங்கள் அரசுக்குப் போயின. அமைச்சரின் பதிலும் படமாகி ஊருக்குத் திரும்பி வந்தது. தீவினர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், அங்கேயே தங்கினார்கள். படம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் எடுத்ததை அதில் வருபவர்களிடமே காட்டும் ஒரு மாலைப் பொழுதுக்கு எந்த பட்ஜெட்டிலும் இடம் உண்டு.

ஒப்புதல் வாங்குவதிலும் இதே அலட்சியம்தான். ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில், ஷூட்டிங் முடிந்து வேனில் ஏறும் நேரத்தில், கைநாட்டு. அதுவும் கடன் கொடுக்கும் நிறுவனமே கேட்கும்போது பயனாளி எப்படி மாட்டேன் என்பார்? படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, படம் யூடியூபில் வரும், பக்கத்து வீட்டுக்காரரும் பார்ப்பார் என்று நேராகச் சொல்லுங்கள். மாட்டேன் என்றாலும் குழுக்கடன் நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குழந்தை என்றால் சட்டமும் குறுக்கே நிற்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம் ஆகியவற்றோடு குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடத் தடை விதிக்கிறது. குழந்தையின் நலனுக்கென்று சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தால் மட்டுமே விலக்கு. முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பின்னால் தெரியும் ரேஷன் கடைப் பலகையையும், சீருடையில் இருக்கும் பேட்ஜையும், மறைக்காத அம்மாவின் முகத்தையும் மறந்துவிடுகிறார்கள். குரலும் ஊருக்குத் தெரியும். அந்தக் குழந்தையை எடுக்காமலேயே கதையைச் சொல்ல வழி இருந்தால் அதுதான் நல்ல வழி, பெரும்பாலும் இருக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்கள் விஷயத்தில், 2017-ம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் விவரம் புரிந்து ஒப்புக்கொள்ளாமல் நோய்நிலையை வெளியே சொல்ல முடியாது.

கடைசியாக, படம் எவ்வளவு காலம் இணையத்தில் கிடக்கும் என்று யாரும் பேசிக்கொள்வதில்லை. பத்து வயதில் "ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வழியில்லாத சிறுமி" என்று காட்டப்பட்டவர் இன்று வேலைக்கு நேர்காணல் போய்க்கொண்டிருக்கலாம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, கொடுத்தபோது இருந்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே படிவத்திலேயே ஆண்டுக்கணக்கு போடுங்கள், எடுத்துவிடச் சொல்லி அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் கொடுங்கள். ரா ஃபுட்டேஜ், அதாவது எடிட் செய்யாத மூலக் காட்சிகள் யாரிடம் இருக்கும், எடிட்டர் தன் ஹார்ட் டிஸ்கிலிருந்து எப்போது அழிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிய பிறகு முன்பணத்தைக் கொடுங்கள்.