ஏடிஎச்டி உள்ளவர்கள் பாலஸ்தீனம் குறித்த மேற்குலக நிலைப்பாடுகளைப் பின்தொடர்வது எப்படி?

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அதன்பின் இஸ்ரேல் காஸாவில் நடத்திய போரில் இறந்தவர்களின் எண்ணிக்கை, காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி, 2025 ஜூலை இறுதிக்குள் 60,000-ஐக் கடந்தது. இவ்வளவுக்குப் பிறகும் மேற்கத்திய அரசுகள் பாலஸ்தீனம் குறித்துத் தத்தம் நிலைப்பாடுகளை ஏன் எடுக்கின்றன என்று அறிய விரும்பும், ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) உள்ள ஒருவருக்கு இரண்டு வகையான துன்பம் நேர்கிறது. சில நாள்களில் நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியைக் கீழே வைக்க முடிவதில்லை. வேறு சில நாள்களில் ஒரே ஒரு கட்டுரையின் மூன்றாவது பத்தியைத் தாண்ட முடிவதில்லை. இரண்டுக்கும் அக்கறைக் குறைவு காரணமன்று. புதியதைத் தேடி ஓடும் கவனமும், படித்ததைச் சிறிது நேரம் ஏந்தி வைத்துக்கொள்ளும் நினைவாற்றலின் பலவீனமும், நேரம் போவதை உணர முடியாமையும் இந்தக் குறைபாட்டின் இயல்புகளே. ஆகவே மனத்தைக் கடிந்துகொள்வதை விட்டுவிட்டு, படிக்கும் முறையை மாற்றுவதே பயன் தரும்.

முதலில் ‘மேற்குலகம்’ என்ற பெரிய சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு, நாடு, தேதி, முடிவு ஆகிய மூன்றை மட்டும் பின்தொடருங்கள். தலைவர்களின் பேட்டிகளும் கண்டன அறிக்கைகளும் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும். அவற்றுக்கு முடிவே இல்லை. ஓர் அரசு எடுக்கும் முடிவுக்கோ தொடக்கமும் எல்லையும் உண்டு. பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தது, ஐ.நா.வில் வாக்களித்தது, ஆயுதம் அனுப்பியது அல்லது நிறுத்தியது, நிதி கொடுத்தது அல்லது மறுத்தது என்ற நான்கு வகைகளுக்குள் பெரும்பாலான முடிவுகள் அடங்கிவிடும். அலைபாயும் மனத்துக்குப் பிடித்துக்கொள்ள இந்த நான்கு போதும்.

ஒரு நாட்டுக்கு ஒரு ஏ4 தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் குறிப்பெடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். குறிப்புச் செயலியைத் திறக்கப் போன விரல் வேறெங்கோ போய்விடும். பிரிட்டனில் தொடங்குவது நல்லது, ஏனெனில் அதன் முதல் ஆவணமே மிகச் சிறியது. 1917 நவம்பர் 2 அன்று வெளியுறவு அமைச்சர் ஆர்தர் பால்ஃபர், பிரிட்டன் யூதச் சமூகத்தின் முக்கியத் தலைவரான ராத்ஸ்சைல்ட் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசியத் தாயகம் அமைவதை அரசு ஆதரிப்பதாகச் சொல்லும் பகுதி ஆங்கிலத்தில் 67 சொற்கள்தான். அதை விளக்கும் காணொளிகளைத் தேடாமல் அந்த 67 சொற்களையே நேராகப் படியுங்கள். யூதர்களுக்குத் தேசியத் தாயகம் என்று சொல்லும் அந்த வாக்கியம், அங்கே பெரும்பான்மையாக வாழ்ந்த அரபு மக்களை ‘யூதரல்லாத சமூகங்கள்’ என்று மட்டும் குறிப்பிட்டு, அவர்களுடைய குடிமை, சமய உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. அரசியல் உரிமையைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நிமிடத்தில் படித்துவிடக்கூடிய இந்தக் கடிதத்தை அறிந்தவருக்கு அடுத்த வரிகள் தாமாகப் பொருள் தரத் தொடங்கும். 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்கும் தீர்மானம் 33-க்கு 13 என்ற கணக்கில் நிறைவேறியபோது, அந்த மண்ணை ஆண்டுகொண்டிருந்த பிரிட்டன் வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2012-இல் பாலஸ்தீனத்துக்கு உறுப்பினரல்லாத பார்வையாளர் நாடு என்ற தகுதி கிடைத்த வாக்கெடுப்பிலும் அது ஒதுங்கியே நின்றது. 2024 செப்டம்பரில் இஸ்ரேலுக்கான சுமார் 350 ஆயுத ஏற்றுமதி உரிமங்களில் 30-ஐ நிறுத்திவைத்தது. 2025 செப்டம்பர் 21 அன்று கனடா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல் ஆகிய நாடுகளோடு சேர்ந்து பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது. ஐந்தே வரிகளில் ஒரு நூற்றாண்டு தாளில் வந்துவிடுகிறது.

அடுத்த தாள் ஜெர்மனிக்கு. யூத இனப்படுகொலையின் பொறுப்பை ஏற்று 1952-இல் இஸ்ரேலுடன் செய்த இழப்பீட்டு ஒப்பந்தத்தையும், இஸ்ரேலின் பாதுகாப்பு ஜெர்மன் அரசின் அடிப்படைக் கொள்கையின் ஒரு பகுதி என்று 2008 மார்ச்சில் அப்போதைய ஜெர்மன் தலைமை அமைச்சர் ஏங்கெலா மெர்கல் இஸ்ரேலிய நாடாளுமன்றத்தில் அறிவித்ததையும் எழுதிக்கொண்டால், பிரான்ஸ் 2025 செப்டம்பரில் அங்கீகாரம் அளித்தபோதும் ஜெர்மனி ஏன் அளிக்கவில்லை என்பது விளங்கும். விளங்குவது வேறு, ஏற்பது வேறு. ஜெர்மானியரின் முன்னோர் செய்த குற்றத்துக்கான கடனைப் பாலஸ்தீனர் என்ற வேறொரு மக்கள் தீர்க்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஏற்க முடியாத அநீதியாகவே தோன்றுகிறது.

அமெரிக்காவின் தாளை இரண்டு பத்திகளாகப் பிரித்து, ஒன்றில் அரசையும் மற்றதில் மக்களையும் எழுதுங்கள். 2016-இல் பத்தாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர் இராணுவ உதவிக்கு ஒப்புக்கொண்டதும், 2024 ஏப்ரல் 18 அன்று பாலஸ்தீனத்தின் முழு ஐ.நா. உறுப்புரிமையைப் பாதுகாப்பு அவையில் 12 நாடுகள் ஆதரித்தபோது தனியொரு நாடாக வீட்டோ செய்ததும் அரசின் பக்கம் வரும். 2025 பிப்ரவரியில் கேலப் என்ற நிறுவனம் அமெரிக்கர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பில் இஸ்ரேலியர் மீது அதிகப் பரிவு கொண்டோர் 46 சதவீதமாகக் குறைந்ததும், பாலஸ்தீனர் மீது அதிகப் பரிவு கொண்டோர் 33 சதவீதமாக இருந்ததும் மக்களின் பக்கம் வரும். அயர்லாந்து, ஸ்பெயின், நார்வே ஆகியவை 2024 மே 28 அன்று அங்கீகாரம் அளித்தவை. அவற்றுக்கு இப்போதைக்கு ஆளுக்கொரு வரி போதும்.

எந்தத் தாளிலும் முடிவுறாத செய்தியைப் பேனாவால் எழுதாதீர்கள். பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண முகமையின் நிகழ்வே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் ஊழியர்கள் 12 பேர் அக்டோபர் 7 தாக்குதலில் பங்கேற்றதாக இஸ்ரேல் குற்றம்சாட்டியதும், 2024 ஜனவரி இறுதியில் அமெரிக்காவும் பல மேற்கத்திய நாடுகளும் நிதியை நிறுத்தின. அது உலகெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று. கனடாவும் ஸ்வீடனும் ஆஸ்திரேலியாவும் மார்ச்சிலும், ஜெர்மனி ஏப்ரலிலும், பிரிட்டன் ஜூலையிலும் நிதியை மீண்டும் தொடங்கியதும், அமெரிக்கா மட்டும் தடையைச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டதும், ஒன்பது ஊழியர்கள் ஈடுபட்டிருக்கக்கூடும் என்று ஆகஸ்டில் ஐ.நா. விசாரணை கூறியதும் அந்த அளவுக்கு ஒலிக்கவில்லை. உரத்த முதல் செய்தியிலேயே கவனத்தைச் செலவிட்டுவிடும் நமக்கு, பின்னால் வரும் ஆறு மாதச் செய்தி கண்ணில் படாமலே போய்விடும். அத்தகைய வரியைப் பென்சிலில் எழுதி, ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கும்படி நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

படிப்பதற்கு வாரத்தில் இரண்டு நாள், காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள், அது வேலை செய்யும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். செய்திச் செயலிகளின் அறிவிப்புகளையும் காணொளிகள் தாமாக ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள். அரை மணியை அளக்கும் கடிகாரத்தை எட்டாத இடத்தில், எழுந்து சென்றுதான் அணைக்க முடியும் என்ற தொலைவில் வையுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே அணைக்க முடிந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் போய்விடும். வீட்டில் யாராவது தம் வேலையைப் பார்த்தபடி அருகில் அமர்ந்திருந்தாலே நம் மனம் நிலைகொள்ளும். அவர்கள் எதுவும் பேச வேண்டியதில்லை.

படங்களையும் காணொளிகளையும் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஏடிஎச்டி உள்ளவர்களில் பலருக்கு உணர்ச்சி பெருக்கெடுத்தால் எளிதில் வடிவதில்லை. இடிபாடுகளிலிருந்து தூக்கப்படும் ஒரு குழந்தையின் காணொளியை இரவில் பார்த்தால் அன்றைய தூக்கமும் மறுநாள் வேலையும் போய்விடும்; அந்தக் குழந்தைக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. எழுத்தை முதலில் படியுங்கள். மனம் கனத்திருந்தால், இடத்தை விட்டு எழுவதற்கு முன் நிவாரண அமைப்பொன்றுக்கு இயன்ற தொகையை அனுப்பிவிடுங்கள். ‘பிறகு அனுப்பலாம்’ என்று வைத்தது நம்மிடம் பெரும்பாலும் மறந்தே போகும்.

வாட்ஸ்அப் குழுவில் மாமாவோ நண்பரோ ஏதேனும் பகிர்ந்து சினமூட்டினால், பதிலைத் தாளின் பின்புறம் எழுதி, மறுநாள் காலையில் அனுப்புங்கள். அதற்குள் அதில் உள்ள தேதியையும் எண்ணையும் உங்கள் வரிகளோடு ஒப்பிட்டுவிடலாம். ஓர் அரசின் முடிவை ஒரு சமயத்தாரின் குணமாக எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். போரை எதிர்த்து அமெரிக்கத் தெருக்களில் நின்றவர்களில் யூதர்களும் ஏராளமானோர் இருந்தனர்.

சில வாரங்கள் தாளைத் தொடாமலே கழிந்துவிடும். அப்போது விட்டுப்போன செய்திகளையெல்லாம் முதலிலிருந்து படிக்க முயலாதீர்கள். அந்த மலைப்பிலேயே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ஒரு நாட்டின் தாளை மட்டும் எடுத்து, அந்நாடு கடைசியாக எடுத்த ஒரே ஒரு முடிவைத் தேதியோடு சேர்த்துவிட்டு, அன்றைக்கு அத்துடன் எழுந்துவிடுங்கள்.