வளர்ப்புப் பாம்பைப் புல்வெளியில் விடும்போது

தொட்டிக்குள் சரியான வெப்பமும் ஒளிந்துகொள்ள இடமும் உள்ள பாம்பு வெளியே போயே ஆகவேண்டும் என்றில்லை. ஆனால் புல், ஈரமண், கிளை, காற்றில் வரும் புது வாசனை இவையெல்லாம் தொட்டிக்குள் கிடைக்காதவை. சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் புற ஊதா பி கதிரும் திறந்தவெளியில் கிடைக்கிறது. கையில் எடுத்தால் பதறாத பாம்புக்கு இது நல்ல மாற்றம்தான். வெளியே விட்ட பாம்புகள் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் பறிபோகின்றன: சூடு, பொந்து. முன்னேற்பாடு முழுக்க இந்த இரண்டைச் சுற்றித்தான்.

இங்கே சொல்வது கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், பந்துபோல் சுருளும் சிறு மலைப்பாம்பான பால் பைதான் (ball python) போன்ற நஞ்சில்லாத, மனிதர் கைக்குப் பழகிய பாம்புகளுக்கு மட்டும். நஞ்சுள்ளவற்றை வெளியே விடவே கூடாது. இரை விழுங்கி 48 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பெரிய இரையாக இருந்து வயிறு இன்னும் புடைத்துத் தெரிந்தால் மூன்று நான்கு நாள் பொறுங்கள். நிறைந்த வயிற்றோடு அலைக்கழித்தால் கக்கிவிடும். கூடவே வரும் செரிமான அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். கண்ணில் நீலம் பாய்ந்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது, பார்வை மங்கியிருக்கிறது என்று பொருள், உரித்து முடியட்டும். முட்டை சுமப்பது, மூச்சு இரைப்பது, வாங்கிச் சில வாரமே ஆனது, பென்சில் தடிமன்கூட வராத குட்டி ஆகியவற்றை வீட்டிலேயே வையுங்கள்.

சூடு

பாம்புக்கு வியர்க்காது. தரை எவ்வளவு சூடோ, சற்று நேரத்தில் உடலும் அவ்வளவு சூடாகிவிடும். மெல்லிய பாம்பென்றால் சில நிமிடமே போதும். ஆகவே காற்றின் வெப்பநிலையை மட்டும் நம்பாதீர்கள். காற்று 28 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே வெயில் பட்ட சிமென்ட் தரை 45-ஐத் தாண்டியிருக்கலாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் புல், மண், கல் என்று நாலைந்து இடங்களில் அளந்து பாருங்கள். தரை 35-க்கு மேல் காட்டினால் அன்றைக்கு வேண்டாம். கருவி இல்லையென்றால் புறங்கையைத் தரையில் ஏழு நொடி வையுங்கள். எடுத்துவிடத் தோன்றினால் பாம்புக்கும் அது ஆகாது. காற்று 24 முதல் 30 வரை இருப்பது நல்லது. பால் பைதானுக்கு 26-க்குக் கீழே போகவேண்டாம். காற்று பலமாக வீசினால் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

விடும் இடத்தில் பாதி நிழல் இருக்கட்டும். பாம்பு தானாகவே வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிக்கொள்ளும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கிப்போய் வெயிலில் வைப்பதுதான் மிகப் பெரிய தவறு. உள்ளே வந்த வெப்பம் வெளியேறாமல் தேங்கி, சில நிமிடங்களிலேயே பாம்பு வெந்து செத்துப்போகும். நிறுத்திவைத்த காரும் அப்படித்தான்.

வாயைத் திறந்தபடி இருப்பது, வெறிபிடித்தாற்போல் ஓடுவது, பிறகு துவண்டுபோவது, மல்லாத்தினால் புரண்டு திரும்பாமல் கிடப்பது ஆகியவை அதிகச் சூட்டின் அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், தலையைக் கையில் தாங்கியபடி, உடலைக் குளிர்ச்சியான குழாய்த் தண்ணீரில் ஆழமில்லாமல் வையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது. அப்படியே ஊர்வன மருத்துவரிடம் போங்கள்.

பொந்து

பாம்பை விடுமுன் அந்த இடத்தைக் குனிந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எலி வளை, சுவர் வெடிப்பு, கல் அடுக்கு, வடிகால் ஓட்டை, பக்கத்தில் நிற்கும் கார் என எதுவானாலும் தலை நுழைந்தால் பெரும்பாலும் உடலும் நுழையும். புல் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். பூச்சிமருந்தோ உரமோ தெளித்த புல்லில் விடவே கூடாது. நாய், பூனை வரும் இடமும், மக்கள் நடமாடும் இடமும் ஆகாது. பயந்தவர் கையில் கம்பை எடுத்தால் பாதிப்பு பாம்புக்குத்தான்.

எப்போதும் கை எட்டும் தூரத்திலேயே இருங்கள். ஒருவர் கண் பாம்பின் மேலேயே இருக்கட்டும், போனைத் தொடவேண்டாம். இன்னொருவர் வானத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்க்கட்டும். பருந்தும் காகமும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். இரண்டரை மீட்டருக்கு மேல் நீண்ட மலைப்பாம்பென்றால் இரண்டாவது ஆள் கட்டாயம். கயிறோ பட்டையோ கட்டாதீர்கள். பாம்புக்குத் தோள் கிடையாது. பட்டை நழுவும், அல்லது விலா எலும்பை நெரிக்கும்.

அப்படியும் பாதி உடல் வளைக்குள் போய்விட்டால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே அது உடலைப் புடைத்து ஊன்றிக்கொள்ளும். நீங்கள் இழுக்க இழுக்கச் செதில் கிழியும், முதுகெலும்பு பிசகும். வெளியே இருக்கும் பகுதியை இரு கையாலும் அசையாமல் பிடித்திருங்கள். அது தளரும் நொடி உங்கள் விரலில் தெரியும். அப்போது ஒரு விரற்கடை அளவுக்குப் பின்னே எடுங்கள், மறுபடி காத்திருங்கள். மற்றவர் மண்ணைக் கையால் விலக்கட்டும், மண்வெட்டி வேண்டாம்.

எவ்வளவு நேரம்

முடிச்சிட்ட பருத்திப் பையில் போட்டு, காற்றுத் துளையும் தாழ்ப்பாளும் உள்ள பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். முதல்முறை பத்து நிமிடம் போதும், பழகினால் அரைமணி வரை. நாக்கை நிதானமாக நீட்டி மண்ணையும் புல்லையும் தடவியபடி ஊர்ந்தால் சுகமாக இருக்கிறது. கழுத்தை எஸ் வடிவில் வளைப்பது, சீறுவது, உருண்டையாகச் சுருள்வது, நிற்காமல் ஓட்டம் பிடிப்பது இவற்றில் எது தெரிந்தாலும் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பால் பைதானுக்கு வெட்டவெளிப் பகல் பெரும்பாலும் பிடிக்காது; சாயங்காலம், பக்கத்தில் ஒளிய ஒரு மரப்பட்டையோடு விட்டுப் பாருங்கள்.

வீடு திரும்பியதும் ஈரமான வெள்ளை டிஷ்யூவால் தலையிலிருந்து வால்வரை மெதுவாகத் துடையுங்கள். மிளகுப்பொடி போல நகரும் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது மைட் என்னும் சிற்றுண்ணி. மற்றப் பாம்புகளிடமிருந்து தனியே பிரித்து மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணோரம், தாடை மடிப்பு, வயிற்றுச் செதிலிடுக்கு, கழிவுத்துளை ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். சால்மோனெல்லா தொற்றக்கூடும் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தொட்டியில் புதுத் தண்ணீர் வையுங்கள். இரையை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள்.