உங்கள் ஊரின் வரலாற்றைப் படங்களில் பதிவு செய்வது எப்படி?

கேமராவுக்கு முன் ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிவிடுங்கள். முதல் வருடம் நான் அதைச் செய்யவில்லை. சுற்றுவட்டார ஏரிகளின் மதகுகளை முந்நூறு படம் எடுத்துத் தள்ளினேன். எது எந்த ஏரியின் மதகு என்று இன்று எனக்கே தெரியவில்லை.

முதல் படி: எல்லையைச் சுருக்குங்கள். ஒரு தெரு போதும், அல்லது ஒரு குளம். ஊர் முழுவதையும் எடுக்கக் கிளம்புகிறவர்கள் கோபுரத்தோடு நின்றுவிடுகிறார்கள். கோபுரத்தை ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்திருப்பார்கள். மூடிக்கிடக்கும் ரைஸ் மில்லின் பெயர்ப்பலகையை எடுக்க நீங்கள்தான் போக வேண்டும்.

இரண்டாம் படி: எதையும் மூன்று முறை எடுங்கள். அக்கம்பக்கம் தெரிய தூரத்திலிருந்து ஒன்று, முழு உருவம் ஒன்று, பக்கத்தில் அடிக்கோல் வைத்து ஒன்று. நடுகல்லுக்குக் காலை அல்லது மாலைச் சாய்வெயில் வேண்டும். உச்சிவெயிலில் செதுக்கல் மறைந்துபோகும். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ எண்ணெயோ தடவாதீர்கள். நீளமான கல்வெட்டு என்றால் துண்டு துண்டாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எடுக்கலாம். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை எடுத்தபோது, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்.

மூன்றாம் படி வீடுகளில் இருக்கிறது. அதிக நேரம் பிடிப்பதும் இதுதான். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டூடியோ படத்தை இரவல் கேட்காதீர்கள். ஜன்னல் அருகே, நேர்வெயில் படாத இடத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு இணையாகப் பிடித்து அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே கூடாது, மேல்தோல் உரிந்து வந்துவிடும். கழற்ற முடிந்தால் பின்பக்கத்தையும் எடுங்கள். ஒரு கல்யாணப் படத்தின் பின்னால் 'விக்ருதி வைகாசி' என்று மட்டும் எழுதியிருந்தது. அறுபது வருடச் சுழற்சியில் அது 1890, 1950, 2010 மூன்றிலும் வரும். மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்ற மோட்டார் கார் 1890ஐத் தள்ளியது. மணப்பெண் எனக்குக் காபி கொடுத்த பாட்டி என்பதால் 2010ம் போயிற்று.

நான்காம் படி: பெரியவர்களிடம் கேட்பது. படத்தின் உருவக்கோட்டை நோட்டில் வரைந்து ஒவ்வொரு தலைக்கும் எண் போடுங்கள். அனுமதி கேட்டு, பேச்சை போனில் பதிவு செய்யுங்கள். ஆண்களின் பெயர் பட்டப்பெயரோடு வரும். பெண்கள் 'இன்னார் சம்சாரம்' என்று கடந்துபோவார்கள். அங்கே விடாதீர்கள். "அந்த அம்மா பேர் என்னங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அடுக்களையிலிருந்துதான் பதில் வரும்.

பிறகு கோப்பு வேலை. ஊர், தெரு, தேதி, எண் என்ற வரிசையில் பெயரிடுங்கள். நோட்டிலும் அதே எண் இருக்கட்டும். மூலக்கோப்பில் கைவைக்காமல் நகலில் மட்டும் வெளிச்சத்தைத் திருத்துங்கள். ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள்.

கடைசியாக, எடுத்த படத்தை நல்ல தாளில் அச்சிட்டு அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பாட்டி வீட்டில் நான் அப்படிக் கொடுத்த பிறகுதான் பரணிலிருந்து இரண்டாவது டிரங்குப் பெட்டி இறங்கியது.