என் 95 (N95) மாஸ்க்கை ஓரம் விடாமல் அணிவது எப்படி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மல்லாவியிலோ வைத்தியசாலைக்குப் புதிதாக வேலைக்கு வரும் தாதியரும் சுகாதார உதவியாளரும் "மாஸ்க் போட்டிருக்கிறேன்தானே" என்று சொல்லும்போது, எந்த மாஸ்க் என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. காதில் மாட்டும் நீலநிறச் சத்திரசிகிச்சை முகக்கவசம், அணிந்தவரின் எச்சில் பிறர்மேல் தெறிக்காமலும், எதிரே இருப்பவர் இருமினால் பெரிய துளிகள் நம் மூக்கிலும் வாயிலும் படாமலும் காக்கும். ஆனால் அதன் கன்ன ஓரங்கள் திறந்தே இருப்பதால், உள்ளிழுக்கும் காற்றில் ஒரு பங்கு வடிகட்டப்படாமலே வந்துவிடும். அந்த ஓரத்தை அடைப்பதற்காக உருவானதே என் 95 சுவாசக் கவசம். 0.3 மைக்ரோன் அளவான துகள்களில் குறைந்தது 95 வீதத்தை அதன் வடிதுணி மறிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரம், ஐரோப்பாவின் எஃப்.எஃப்.பி 2 வகைக்கு அது 94 வீதம். ஓரம் பிரிந்திருந்தால் இந்த எண்களுக்குப் பொருளே இல்லை.

காசநோய், சின்னமுத்து, கொப்புளிப்பான் உள்ளவரையோ அவை இருக்கலாம் என ஐயப்படுபவரையோ பராமரிக்கும்போதும், சளி மாதிரி எடுக்கும்போதும், சுவாசக் குழாய் செலுத்தும்போதும் என் 95 அணியுங்கள். இருமும் நோயாளிக்குச் சத்திரசிகிச்சை முகக்கவசம் போதும். மூச்சு வாங்க முடியாதவருக்கு என் 95 கட்டிவிடுவது வீண் வேதனை.

கையைக் கழுவிய பின், பட்டிகள் கீழே தொங்கும்படி கவசத்தை உள்ளங்கையில் ஏந்தி, நாடியின் கீழிருந்து முகத்தில் வையுங்கள். மேற்பட்டி உச்சந்தலையின் பின்புறத்திலும், கீழ்ப்பட்டி காதுகளுக்குக் கீழே பிடரியிலும் இருக்க வேண்டும். இரண்டும் குறுக்கிடக் கூடாது. கொண்டைக்கு மேலாகக் கீழ்ப்பட்டியை விட்டால் அது மெல்ல மேலேறிவிடும் என்பதால், கூந்தலைத் தூக்கி அதன் அடியில் விடுவதே சரி. தலையை மூடும் துணி அணிபவர்கள் பட்டிகளைத் துணிக்கு உள்ளே போட வேண்டும். மூக்கின் மேலுள்ள உலோகத் தகட்டை இரு கை விரல்களாலும் அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்விழுந்து இரு பக்கமும் காற்று போகும்.

பிறகு இரு கைகளாலும் கவசத்தை மூடிக்கொண்டு பலமாக மூச்சை வெளியே விடுங்கள். கண்ணருகே காற்றுப் பட்டால் தகட்டையும், கன்னத்தில் பட்டால் பட்டிகளையும் திருத்துங்கள். உள்ளே இழுக்கும்போது கவசம் சற்று ஒடுங்க வேண்டும். ஒவ்வொரு முறை அணியும்போதும் இதைச் செய்ய வேண்டும். எனினும் இது பொருத்தப் பரிசோதனைக்கு ஈடாகாது. அப்பரிசோதனையில் தலையை ஒரு மூடிக்குள் வைத்து, இனிப்பான சக்கரின் கரைசலைத் தூவி, தலையை அசைத்தும் பேசியும் குனிந்தும் பார்ப்பார்கள். நாக்கில் இனிப்புத் தட்டினால் அந்த வடிவமோ அளவோ உங்கள் முகத்துக்கு ஆகாது.

தாடி எவ்வளவு குட்டையானாலும் ஓரத்தை உயர்த்திவிடும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்ப்போர் இங்கு உண்டு. விரதத்தைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த நாட்களில் அவர்களைக் காசநோயாளியின் அறைக்கு அனுப்பாமல் கடமைப் பட்டியலை மாற்றுவது பொறுப்பாளரின் வேலை. மாரி மழைக்காக விடுதி யன்னல்களைச் சாத்திவைக்கும் காலமும் அதுவே என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை. சோளகம் வீசும் மாதங்களில் யன்னல்களைத் திறந்து, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து நோயாளியைக் கடந்து வெளியேறும்படி கதிரையைப் போடுங்கள்.

வன்னி வெயிலில் வியர்வையால் நனைந்த கவசத்தை மாற்றிவிடுங்கள். சிலர் அதைச் சவர்க்காரத்தில் கழுவியோ கைத்தொற்றுநீக்கித் திரவம் தெளித்தோ உலர்த்துவதைக் கண்டிருக்கிறேன். வடிதுணியின் இழைகளில் ஏற்றப்பட்ட நிலைமின்னேற்றமே நுண்துகள்களைப் பிடிக்கிறது. சவர்க்காரமும் அற்ககோலும் அதை அழித்துவிடும், கவசம் பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும்.

கழற்றுவது நோயாளியின் அறைக்கு வெளியே வந்த பிறகுதான். முன்பக்கத்தைத் தொடாமல், முதலில் கீழ்ப்பட்டியையும் அடுத்து மேற்பட்டியையும் பின்னாலிருந்து தூக்கி, தொற்றுக்கழிவுத் தொட்டியில் போட்டு, உடனே கையைக் கழுவுங்கள்.