தாலுகா கோர்ட்டிலிருந்து சட்டமன்றத்துக்கு: வேட்புமனு போடும் வக்கீலுக்கு

வேட்புமனுவில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் படிவம் 26, அதாவது வழக்கு, சொத்து விவரங்களைச் சொல்லும் பிரமாணப் பத்திரம். முதலில் அதை எடுங்கள்.

ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், கோடும் இழுக்காதீர்கள். 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுதுங்கள். காலி இடம் இருந்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் சுட்டிக்காட்டுவார். மனுக்களைச் சரிபார்க்கும் பரிசீலனைக்குள் முழுமையான புதுப் பத்திரம் தராவிட்டால் மனு தள்ளுபடிதான். 2013இல் உச்ச நீதிமன்றமே இதை உறுதி செய்துவிட்டது. வக்கீல்கள் மறப்பது ஒன்று உண்டு: எப்போதோ சங்கப் போராட்டத்தில் சாலை மறியல் செய்ததற்குப் போட்ட எஃப்ஐஆர். கிடப்பில் கிடந்தாலும் எண், காவல் நிலையம், பிரிவு மூன்றையும் எழுதுங்கள். ஜெயித்த பிறகு தேர்தல் வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு முதலில் விரிப்பது இந்தத் தாளைத்தான். நிலுவை வழக்கு இருந்தால் பத்திரிகையிலும் டிவியிலும் 3 முறை விளம்பரமும் தர வேண்டும்.

அரசு வழக்கறிஞராக இருப்பவர், ராஜினாமா ஏற்கப்பட்ட கடிதம் கைக்கு வந்த பிறகே மனு போடுவது நல்லது. ஆதாயப் பதவி, அதாவது அரசிடம் ஊதியம் பெறும் பதவியில் இருக்கிறார் என்ற ஆட்சேபம் பரிசீலனை மேசையில் எழக்கூடாது.

மற்றவை சுலபம். வயது 25 நிரம்பியிருக்க வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், சுயேச்சைக்கு 10 பேர். எல்லோரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். உங்கள் ஓட்டு வேறு தொகுதியில் இருந்தால் வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலை இணையுங்கள். மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. நீங்கள்தான் கட்சியின் வேட்பாளர் என்று கட்சி தரும் ஏ, பி படிவங்களில் மையால் இட்ட கையெழுத்துதான் செல்லும். கடைசி நாள் 3 மணிக்குள் அவை போய்ச் சேர்ந்தாக வேண்டும். மனு கொடுத்த கையோடு அரசியலமைப்புச் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழியும் எடுத்துவிடுங்கள், மறுநாளுக்குத் தள்ள வேண்டாம்.

தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுவுக்கு முந்தைய நாளாவது தொடங்குங்கள். 2022 முதல் தமிழ்நாட்டில் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். டீக்கடை பில்லைக்கூட அன்றன்றே பதிவேட்டில் ஏற்றுங்கள். வாரக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் தேதியும் ரசீதும் ஒத்துவராது. முடிவு வெளியான 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவருக்கும் இது உண்டு. தக்க காரணமின்றித் தவறினால் தேர்தல் ஆணையம் 3 ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். அதற்குள் வரும் இடைத்தேர்தலும் உள்ளாட்சித் தேர்தலும் கைநழுவிப் போகும்.