கவுண்டி கோர்ட் கட்டடத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் சிறிய கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கோர்ட் எதையும் "கட்டிய ஆண்டு" என்று ஒரே எண்ணில் அடக்க முடியாது. கான்சாஸ் மாநிலம் காட்டன்வுட் ஃபால்ஸ் ஊரிலுள்ள சேஸ் கவுண்டி கோர்ட்டுக்கு 1873 என்பார்கள். சுண்ணாம்புக்கல் சுவர், மேன்சர்ட் கூரை (கீழ்ப்பகுதி செங்குத்தாகச் சரியும் இரட்டைச் சரிவுக் கூரை), உள்ளே வால்நட் மரச் சுருள்படி. மாநிலத்தில் இன்றும் கோர்ட்டாகவே இயங்குபவற்றுள் இதுவே மிகப் பழையது. அந்த 1873 வேலை முடிந்த ஆண்டு. கட்டடச் செலவுக்குக் கடன் பத்திரம் வெளியிட மக்களிடம் நடந்த வாக்கெடுப்பு, ஒப்பந்தம், அடிக்கல், ஒப்படைப்பு, முதல் விசாரணை என்று ஐந்து தேதிகளையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

முதலில் அடிக்கல்லைப் படியுங்கள். ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ சங்கத்தார் நட்ட கல்லில் 5893 என்று இருந்தால் திகைக்க வேண்டாம்; அவர்கள் கணக்கில் 4000 கூடும், ஆகவே அது 1893. கல் நட்ட ஆண்டைத் திறப்பு ஆண்டாக எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்து கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்களின் மினிட் புத்தகம், அதாவது கூட்டக் குறிப்பேடு. உண்மையான சரக்கு இங்கேதான். பெரும்பாலும் கையெழுத்துப் பிரதி, பொருளடக்கத்தை நம்ப முடியாது. அடிக்கல்லுக்கு இரண்டு ஆண்டு முன்பிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஒப்பந்தக்காரருக்குத் தவணை தவணையாகப் போன பணத்தை ஒரு தாளில் கூட்டி, ஒப்பந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். கூட்டல் மிஞ்சினால் இடையில் வேலை கூடியிருக்கிறது. பாதியில் பெயர் மாறினால் முதல் ஆள் விலகியிருக்கலாம். கோர்ட் தீயில் போய் மினிட்டும் அழிந்திருந்தால், உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த டெண்டர் அறிவிப்புகளைத் தேடுங்கள்.

கட்டடம் பிறகு எப்படி மாறியது என்பதற்கு சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள், அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஊரின் கட்டடங்களைக் குறித்த வரைபடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு 50 அடி அளவு. இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரம், நீலம் கல். மைக்ரோஃபிலிமில் பார்த்தால் நிறம் போய்விடும், மரக் கட்டடமும் செங்கல்லாகத் தோன்றலாம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்திலுள்ள வண்ணப் பிரதியையே பாருங்கள். பழைய தாளின் மேல் திருத்தத் துண்டு ஒட்டும் வழக்கமும் உண்டு. அப்படி ஒட்டியிருந்தால் தாளின் ஆண்டு அந்தத் துண்டுக்குப் பொருந்தாது.

உங்கள் கோர்ட் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் இருந்தால், அதற்கான விண்ணப்பத்தையும் பாருங்கள்; அதில் 7ஆம் பகுதி கட்டட வருணனை, 8ஆம் பகுதி முக்கியத்துவம். 1970களின் விண்ணப்பங்கள் பல ஓரிரு பக்கம்தான். அவற்றை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடக் கலைஞரின் பெயர் கிடைத்ததும் அவருடைய மற்ற வேலைகளையும் தேடுங்கள். சேஸ் கவுண்டி கோர்ட்டை வரைந்த ஜான் ஹாஸ்கெல், கான்சாஸ் தலைநகர் டொபேக்காவின் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திலும் பணியாற்றியவர். மூல வரைபடம் உங்கள் கவுண்டியில் இல்லாவிட்டாலும், அவருடைய பிற கோப்புகளோடு மாநில ஆவணக் காப்பகத்தில் கிடக்கலாம்.